கீபோர்டுக்கு வினிகரும் சோடாவும் வேண்டாம், ஒரு பழைய பிரஷ் போதும்

செங்காங்கில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: “அண்ணே, கீபோர்டில் தே தாரேக் தேநீர் சிந்திவிட்டது. ஸ்பேஸ் பாரும் ‘எம்’, ‘என்’ இரண்டு கீயும் அமுக்கினால் மெதுவாகத்தான் எழுகின்றன. அது போக மூன்று வருட அழுக்கு வேறு. டின்னில் வரும் காற்று வாங்கி அடிக்கலாம் என்கிறான் மகன். எனக்கு ரசாயனமும் வேண்டாம், ஒரு முறை துடைத்துத் தூக்கிப் போடும் சாமானும் வேண்டாம். வினிகரும் சமையல் சோடாவும் கலந்து துடைத்தால் போதும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அது சரிவருமா? சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாத வேறு வழி உண்டா?”

தங்கச்சி, வினிகரும் சோடாவும் சமையலறையிலேயே இருக்கட்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அலுவலகக் கணினிகளோடு இருபது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியவன் நான். இப்போது அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து, ஓய்வு நாளில் பழைய சாமான்களைப் பிரித்துப் பழுது பார்க்கிறேன். எங்கள் மேசைக்கு வரும் கீபோர்டுகளில் அழுக்கால் செத்ததைவிட, அழுக்கு எடுக்கப் போய்ச் செத்ததுதான் அதிகம். அதிலும் பாதி, ‘இயற்கை முறையில்’ கழுவப்பட்டவை.

இயற்கையான பொருளைக் கொண்டு துடைத்தால் அது பசுமை வழி ஆகிவிடாது. கீபோர்டில் இருக்கும் பிளாஸ்டிக், செம்பு, சர்க்யூட் பலகை எல்லாவற்றுக்கும் பூமி ஏற்கெனவே விலை கொடுத்தாயிற்று. நாம் துடைக்கச் செலவழிக்கும் அரை லிட்டர் தண்ணீர் அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. நல்ல கீபோர்டு ஒன்று வினிகர் குடித்துச் செத்துப்போய், அதற்குப் பதில் புதிதாக ஒன்று வாங்கினால் மொத்தக் கணக்கும் நஷ்டம். சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது. வீட்டுக் குப்பையோடு போனால் எரிந்து சாம்பலாகிச் செமக்காவ் தீவில் இருக்கும் குப்பைக் கிடங்குக்குப் போகும். 1999ல் திறந்த அந்தக் கிடங்கு 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அரசாங்கத்தின் கணிப்பு. அதனால் இருக்கிற கீபோர்டை இன்னும் ஐந்து வருடம் ஓட வைப்பது எப்படி என்றுதான் நான் பார்ப்பேன். பத்து வருடமாக என் மேசையில் இருக்கும் கீபோர்டு அப்படி ஓடிக்கொண்டிருப்பதுதான்.

இப்போது அந்த வீடியோ வைத்தியத்துக்கு வருவோம். வினிகர் என்பது தண்ணீரில் 4, 5 சதவீதம் அசிட்டிக் அமிலம். சமையல் சோடா அதற்கு நேரெதிரான காரம். இரண்டையும் கலந்தால் நுரைத்துப் பொங்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். பொங்குவது கரியமில வாயு, வேறொன்றும் இல்லை. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிட்டு, கடைசியில் மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர், அதாவது ஒரு வகை உப்புத் தண்ணீர். அது கீக்களின் அடியில் இறங்கிக் காய்ந்தால் உப்பு அங்கேயே தங்கும். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நசநசவென்று கிடக்கும். மின்சாரம் ஓடும் இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் துருப்பிடித்த ஜன்னல் கம்பியே சாட்சி. கலக்காமல் வினிகரை மட்டும் ஊற்றினாலும் உலோகத் தொடர்புகளை அரிக்கும். சோடாத் தூளை மட்டும் தேய்த்தால் கீயின் மேல் இருக்கும் எழுத்தைச் சுரண்டும். எலுமிச்சம்பழச் சாற்றில் அமிலத்தோடு சக்கையும் சர்க்கரையும் இருக்கிறது, எறும்புக்குப் பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி.

வினிகருக்கு ஒரே ஒரு வேலை உண்டு. ஒயர் இல்லாத கீபோர்டில் பேட்டரி கசிந்து, அதன் குழியில் வெள்ளையாகப் பூத்திருக்கும், பார்த்திருப்பீர்கள். சாதாரண ஆல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது காரம். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி வினிகர் தொட்டு அந்த வெள்ளையின் மேல் வைத்தால் சிறிதாக நுரைத்து அடங்கும். பிறகு ஈரக் குச்சியால் ஒரு முறை, ஸ்பிரிட் (மருந்துக்கடை ஆல்கஹால்) தொட்ட குச்சியால் ஒரு முறை துடைத்துக் காயவிடுங்கள். அந்தப் பூ கையில் படக்கூடாது, அரிக்கும். உங்களுடையது ஒயர் உள்ளது என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

சுத்தம் செய்ய உட்காரும்முன் எந்த அழுக்கு என்று பாருங்கள். தூசியும் துணுக்கும் ஒரு ரகம், விரல் எண்ணெய் ஒரு ரகம், சர்க்கரையும் பாலும் ஒரு ரகம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒன்றுக்கு உரியதை இன்னொன்றில் போட்டால் வேலை கெடும்.

உலர்ந்த அழுக்கை உலர்ந்தபடியேதான் எடுக்க வேண்டும். தண்ணீர் பக்கத்திலேயே வரக்கூடாது. தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில் ஓர் அம்மா ஒரு கீபோர்டைக் கொண்டு வந்தார். கவிழ்த்துத் தட்டினேன். முறுக்குத் துணுக்கு, ஓமப்பொடி, இரண்டு ஸ்டேப்ளர் பின், நீளமாக ஒரு தலைமுடி, அதற்குப் பின்னால் மாவு சலித்த மாதிரி வெளுப்பாக ஏதோ கொட்டியது. விபூதி! கணினி மேசைக்கு நேர் மேலே சாமிப் படம். தினமும் நெற்றிக்கு இட்டது போக மீதி, கீபோர்டுக்கு இட்டிருக்கிறார். அவர் அதற்கு முந்தின நாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்திருந்தார். துணி போன பாதையில் விபூதி குழைந்து, கீக்களின் ஓரத்தில் பட்டை பட்டையாக இறுகியிருந்தது. துடைக்காமல் கொண்டு வந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. பல்குத்தும் குச்சியால் சுரண்டிச் சுரண்டி முக்கால் மணி நேரம் ஆயிற்று.

ஆகவே ஒயரைக் கழற்றுங்கள். பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து அதன் மேல் கீபோர்டைக் கவிழ்த்து, முதுகில் உள்ளங்கையால் தட்டுங்கள். பக்கத்துக்குப் பக்கம் சாய்த்துத் தட்டுங்கள். பிறகு பிரஷ். இதற்கென்று புதிதாக வாங்க வேண்டாம். தேய்ந்துபோன டூத் பிரஷ், பிள்ளை பள்ளியில் வரைந்த பெயின்ட் பிரஷ், காய்ந்துபோன மேக்கப் பிரஷ், எதுவும் ஆகும். கீபோர்டைச் சாய்த்துப் பிடித்து, மேல் வரிசையிலிருந்து கீழே ஒரே திசையில் தள்ள வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் துணுக்கு இன்னும் உள்ளேதான் போகும். பிரஷ் நுழையாத சந்துக்கு, குறிப்பு எழுதி ஒட்டிவைக்கும் மஞ்சள் தாள் இருக்கிறதே, எழுதி முடித்துத் தூக்கிப் போடப்போகும் தாளின் பசை ஓரத்தைக் கீக்களுக்கு நடுவே விட்டு இழுங்கள். அதில் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

மகன் சொல்லும் டின் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்குள் இருப்பது நாம் மூச்சு விடும் காற்று இல்லை. பெரும்பாலும் எச்எஃப்சி-152ஏ அல்லது 134ஏ என்ற வாயு, அழுத்தத்தில் திரவமாக அடைக்கப்பட்டிருக்கும். பூமியைச் சூடாக்குவதில் 152ஏ கரியமில வாயுவைப்போல 100 மடங்குக்கும் மேல். 134ஏ ஆயிரம் மடங்கையும் தாண்டும். 300 கிராம் வாயு அடைத்த ஒரு டின் காலியானால், சாதுவான 152ஏ ஆக இருந்தாலும், 30 கிலோவுக்கு மேல் கரியமில வாயுவைக் காற்றில் விட்டதற்குச் சமம். கொஞ்சம் முறுக்குத் துணுக்கை ஊதித் தள்ள இவ்வளவா? இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்கத்தான் 2016ல் ருவாண்டாவின் கிகாலி நகரில் உலக நாடுகள் கூடி உடன்பாடு செய்தன. போதாததற்கு 152ஏ தீப்பற்றும். டின்னைச் சாய்த்து அடித்தால் திரவமாகவே பீறிட்டு, விரலில் பட்டால் உறைந்து புண்ணாகும்.

அதற்குப் பதில், கேமரா கடைகளில் லென்ஸ் தூசி ஊதும் ரப்பர் பந்து கிடைக்கும். கையால் அமுக்கினால் புஸ் என்று ஊதும். பத்துப் பன்னிரண்டு வருடம் உழைக்கும், என்னுடையது அதையும் தாண்டிவிட்டது. வீட்டில் சைக்கிள் பம்ப் இருந்தால் அதுவே தாராளம். ஹேர் டிரையரைக் குளிர் காற்றில் வைத்து ஊதலாம். சூட்டில் வைக்கவே கூடாது, கீ மூடி நெளியும். வாயால் மட்டும் ஊதாதீர்கள், எச்சிலும் ஈரமும் சேர்ந்து போகும். நான் சொல்லி யாரும் இதைக் கேட்டதில்லை.

பச்சையும் நீலமுமாகக் களி மாதிரி ஒரு ஜெல் விற்கிறார்கள், கீபோர்டில் அமுக்கி எடுத்தால் தூசி ஒட்டிக்கொண்டு வருமாம். முதல் நாலு தடவை வரும். அப்புறம் நம் ஊர்ச் சூட்டுக்கு இளகி, தன்னையே கீபோர்டுக்குள் கொஞ்சம் விட்டுவிட்டு வரும். வேண்டாம்.

அடுத்தது எண்ணெய் அழுக்கு. பழைய வேட்டித் துணி, பல முறை துவைத்து நைந்த காட்டன் புடவைத் துணி, இதற்கு மேல் நல்ல துணி எந்தக் கடையிலும் இல்லை. நூல் உதிராது, தண்ணீர் குடிக்கும். தண்ணீரில் நனைத்து, இனி ஒரு சொட்டும் வராது என்கிற வரை பிழியுங்கள். தண்ணீர் துணியில்தான் இருக்க வேண்டும், கீபோர்டின் மேல் நேராகத் தெளிக்கக்கூடாது. பிடிவாதமான கறைக்கு மட்டும், பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு கிண்ணம் தண்ணீரில் ஒரே துளி விட்டுத் தொட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு துடைத்தும் சில கீக்கள் பளபளவென்றுதான் இருக்கும், எண்ணெய் போகவில்லை என்று தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். அது எண்ணெய் இல்லை. ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்த மூடி விரல் பட்டுப் பட்டு வழுவழுப்பாகிவிடும். தேய்மானம் அது, கழுவி எடுக்க முடியாது. ‘ஏ’, ‘ஈ’, ஸ்பேஸ் பார் மூன்றிலும் முதலில் வரும். பிபிடி என்ற கெட்டியான பிளாஸ்டிக் மூடிகளில் இந்தப் பளபளப்பு வர வெகு காலம் ஆகும். அடுத்த முறை வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்பிரிட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் என்று மருந்துக்கடையில் கிடைக்குமே, அதுதான். ரசாயனம் என்ற பெயரைக் கேட்டே ஒதுக்குகிறோம். ஆனால் மீதம் எதையும் விடாமல் ஆவியாகும், இயற்கையில் எளிதில் சிதைந்துவிடும், 100 மில்லி புட்டி எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் வருகிறது. லிட்டர் கணக்கில் வினிகர் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். தனித்தனிப் பொட்டலத்தில் வரும் ஆல்கஹால் வைப்ஸைத்தான் நான் ஒதுக்குவேன். பெரும்பாலும் அந்தத் தாளே பிளாஸ்டிக் இழை, பொட்டலமும் பிளாஸ்டிக். வேட்டித் துணியில் நாலு சொட்டு விட்டுத் துடைத்தால் அதே வேலை நடக்கும். எரியும் பொருள் என்பதால் சாமி விளக்குப் பக்கத்தில் வைத்துத் துடைக்காதீர்கள். டெட்டால், பிளீச், நீலகிரித் தைலம், ஆரஞ்சு எண்ணெய் கலந்த கிளீனர் எதுவும் கீபோர்டு பக்கம் வேண்டாம். பிளாஸ்டிக்கையோ எழுத்தையோ கெடுக்கும். டெங்கிக்குப் பயந்து கையில் கொசு மருந்து தடவிக்கொள்கிறோம் அல்லவா? அதில் டீட் என்ற மருந்து இருந்தால் அது பிளாஸ்டிக்கையே இளக்கும். தடவிய கையோடு டைப் செய்ய உட்காராதீர்கள்.

கழிவறை இருக்கையைவிடக் கீபோர்டில் கிருமி அதிகம் என்று அடிக்கடி பயமுறுத்துவார்கள். கழிவறை இருக்கையை நாம் தினமும் கழுவுகிறோம், கீபோர்டைக் கழுவுவதில்லை, அவ்வளவுதான் சங்கதி. வீட்டில் ஒருவர் மட்டும் தொடும் கீபோர்டுக்குக் கைகழுவிவிட்டு உட்கார்வதே பாதி மருந்து. வீட்டில் யாருக்காவது காய்ச்சல், சளி என்றால் மட்டும் 70 சதவீத ஸ்பிரிட்டால் துடையுங்கள். 99 சதவீதத்தைவிட 70தான் கிருமியைக் கொல்வதில் கெட்டி. அதில் இருக்கும் தண்ணீர், ஆல்கஹால் ஆவியாகாமல் கொஞ்ச நேரம் நின்று வேலை செய்ய உதவுகிறது.

மூன்று வருட அழுக்கு என்கிறீர்கள், கீ மூடிகளைக் கழற்றிக் கழுவிவிடுவதே நல்லது. முதலில் கைப்பேசியில் கீபோர்டை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘எங்கே எது என்று எனக்குத் தெரியாதா’ என்று நானும் நினைத்தவன்தான். ஒரு சின்னக் கரண்டியின் பின்பக்கத்தில் துணி சுற்றி, மூடியின் கீழே விட்டு நேர் மேலாக மெல்ல நெம்பினால் ‘டொக்’ என்று வரும். ஸ்பேஸ் பார், என்டர், ஷிஃப்ட் போன்ற நீளக் கீக்களுக்கு அடியில் ஒரு கம்பி கொக்கி போட்டிருக்கும். அவற்றைக் கழற்ற அவசரப்படாதீர்கள், கம்பி எந்தப் பக்கம் மாட்டியிருக்கிறது என்று ஒரு நிமிடம் குனிந்து பார்த்துவிட்டு எடுங்கள்.

கழுவுவதற்குச் சோப்பே வேண்டாம் என்றால், பூந்திக்கொட்டை இருக்கிறது. தேக்காவில் நாட்டுமருந்து வைத்திருக்கும் மளிகைக் கடைகளில் கேளுங்கள். பாட்டி பட்டுப்புடவைக்கும் நகைக்கும் போட்டுக் கழுவிய அதே காய்தான். அதன் தோலில் சபோனின் என்ற இயற்கைச் சோப்பு இருக்கிறது. ஐந்தாறு கொட்டையின் விதையை நீக்கி, தோலை ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரவு ஊறவையுங்கள். காலையில் கையால் பிசைந்தால் வெளிர்பழுப்பில் நுரைக்கும். மெல்லிய துணியில் வடிகட்டுவது முக்கியம், சக்கை போய்க் கீயின் தண்டில் உட்கார்ந்தால் அதை எடுக்க ஊசி தேட வேண்டும். இன்னும் ஒரு டம்ளர் தண்ணீர் சேர்த்து, மூடிகளை அதில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். டூத் பிரஷால் உள்பக்கத்தையும் ஒரு தேய், குழாய்த் தண்ணீரில் இரண்டு அலசு. கொதிநீர் கூடாது, குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும். கரைசல் இரண்டு நாளில் புளித்து நாற்றமடிக்கும், வேண்டிய அளவு மட்டும் செய்யுங்கள். மீந்த தண்ணீரில் தரை துடைக்கலாம். சீயக்காய்த் தூளை இதற்குப் பதிலாகப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். போடக்கூடாது, அது மணல் மாதிரி சுரண்டும், வெள்ளைக் கீயைக் கறையாக்கும். பூந்திக்கொட்டை கிடைக்கவில்லை என்றாலும் மனம் வருந்த வேண்டாம். முன்னே சொன்ன பாத்திர சோப்பு ஒரு துளியும் இதே வேலையைத்தான் செய்யும்.

தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டிய கீயாக இருந்தால் தண்ணீரில் போடாதீர்கள். 1997ல் இங்கே சிங்கப்பூரில் தமிழ்நெட் மாநாடு நடந்த காலத்தில், நா. கோவிந்தசாமி போன்றவர்கள் தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்ட நாள்களில், ஆளுக்கொரு விசையமைப்பு இருந்தது. 1999ல்தான் தமிழ்99 என்று ஒரு பொது அமைப்பு வந்தது. அதன் ஸ்டிக்கரை ஒட்டிப் பழகிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், என் மாமா ஒருவர். ஸ்டிக்கருக்குப் பிழிந்த துணி மட்டும். ஸ்பிரிட் பட்டால் பசை இளகி, ‘க’ இருந்த இடத்துக்கு ‘ப’ நகர்ந்து போகும். பழைய ஸ்டிக்கரைப் பிய்த்தபின் ஒட்டியிருக்கும் பசைக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்தால் போய்விடும். அப்புறம் எண்ணெயைச் சோப்புத் துணியால் எடுத்துவிடுங்கள்.

இனி உங்கள் உண்மையான பிரச்சினை, தே தாரேக். இதில் நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். இரவு வேலையில் இருந்தபோது பொட்டலத்தில் கட்டிக்கொண்டு வந்த தேநீர் கை தவறிக் கீபோர்டில் கொட்டியது. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! ஸ்பிரிட் புட்டியை எடுத்துத் தாராளமாக விட்டுத் துடைத்தேன். துடைத்ததும் மினுமினுப்பாக இருந்தது. மறுநாள் மாலை வந்து உட்கார்ந்தால் அரை வரிசை கீ பலாப்பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் காரணம் சின்னப்பிள்ளைக் கணக்கு: சர்க்கரை தண்ணீரில்தான் நன்றாகக் கரையும், ஸ்பிரிட்டில் சரியாகக் கரையாது. நம் ஊர்த் தேநீரில் விடுவது கெட்டிப்பால், அதில் நாற்பது சதவீதத்துக்கு மேல் சர்க்கரைதான். பாலில் இருக்கும் புரதத்தை ஸ்பிரிட் திரிய வைத்து இன்னும் இறுக்கிவிடும். சர்க்கரைக் கறைக்கு முதல் மருந்து தண்ணீர். ஸ்பிரிட் அதற்குப் பின்னால் ஈரம் போக்க மட்டும். கோப்பி ஓ கோசோங் கொட்டியிருந்தால் இந்தத் தலைவலி பாதிகூட இருக்காது. சர்க்கரையும் பாலும் இல்லாததால் ஒட்டாது, கறைதான் தங்கும்.

கொட்டிய உடனே என்றால் ஒயரைப் பிடுங்கிக் கவிழ்த்து வைப்பதுதான் முதல் வேலை. உங்களுக்கு அந்தக் கட்டம் போய்விட்டது. சாதாரண கீபோர்டை, அதாவது அலுவலகங்களில் கொடுக்கும் விலை குறைந்த ரகத்தை, திறந்து பார்த்தால் மெல்லிய பிளாஸ்டிக் தாள் மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மேல், கீழ்த் தாள்களில் மின்சாரம் போகும் கோடுகள் அச்சாகியிருக்கும், நடுத்தாளில் ஓட்டைகள். கீயை அமுக்கும்போது ஓட்டை வழியாக மேல் கோடு கீழ்க் கோட்டைத் தொடும். தேநீர் இந்தத் தாள்களுக்கு நடுவே புகுந்துவிட்டால், இரண்டு கண்ணாடிக்கு நடுவே தண்ணீர் மாட்டிக்கொண்ட மாதிரி, தானாகக் காய வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் கோடு அரித்துவிடும்.

உங்கள் கீக்கள் எழுத்தைப் போடுகின்றன, எழத்தான் தாமதிக்கின்றன. அப்படியானால் தேநீர் தாளுக்குள் போகவில்லை, மூடியும் அது ஏறி இறங்கும் குழலும்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நல்ல செய்தி. ‘எம்’, ‘என்’, ஸ்பேஸ் பார் மூன்றையும் கழற்றுங்கள். குழலின் உள்சுவரையும் மூடியின் தண்டையும் வெதுவெதுப்பான தண்ணீரில் தொட்டுப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் சுற்றிச் சுற்றித் துடையுங்கள். பழுப்பு வருவது நிற்கும் வரை, குச்சியை மாற்றி மாற்றி. கடைசியாக ஸ்பிரிட் தொட்ட குச்சியால் ஒரு முறை. பிளாஸ்டிக் காம்பு இல்லாத, காகிதக் காம்புக் குச்சியாக வாங்கினால் மனசுக்கும் நிம்மதி.

ஒருவேளை எழுத்தே விழாமல் போனால் பின்பக்கத்து ஆணிகளைக் கழற்ற வேண்டிவரும். ஓர் ஆணி பெரும்பாலும் லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும், விரலால் தடவினால் பள்ளம் தெரியும். தாள்களை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். அச்சடித்த கோடு துணியோடு வந்துவிட்டால் அந்தக் கீபோர்டுக்குக் கடைசி நாள் அதுதான். மெக்கானிக்கல் கீபோர்டு என்றால் தாளே இல்லை, கீக்கு ஒரு சுவிட்ச் தனித்தனியாக இருக்கும். ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றலாம். சிம் லிம் ஸ்குவேர் பக்கம் போனால் ஆள் கிடைக்கும். மடிக்கணினியில் கொட்டினால் மட்டும் இந்த வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கூடாரம் மாதிரி கவிழ்த்து வைத்துவிட்டு நேரே பழுதுபார்ப்பவரிடம் போங்கள். கீக்கு அடியிலேயே மொத்தக் கணினியும் இருக்கிறது. கத்தரி மாதிரி மெல்லிய கால் வைத்த அதன் மூடிகளை நெம்பினால் கால் ஒடியும்.

எல்லாவற்றையும்விட நம் ஊரில் கஷ்டம் காய வைப்பதுதான். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும், மழையில்லாத நாளில் பிற்பகல் 60 வரை இறங்கும். அதனால் இரவில் கழுவிக் காலையில் மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். காலை பத்துமணி வாக்கில் கழுவி, உச்சிப்பொழுதின் உலர்காற்று முழுவதும் அதற்குக் கிடைக்கும்படி பாருங்கள். மூடிகளைத் துணியில் வாய் கீழாகக் கவிழ்த்துப் பரப்பி, மேலே மின்விசிறி. நடைபாதையில் வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும், ஆனால் வெள்ளை பிளாஸ்டிக் புற ஊதாக்கதிரில் மஞ்சளாகும். இரவு ஏர்கான் எப்படியும் ஓடும் படுக்கையறையில் வைத்துவிடுங்கள், இதற்கென்று தனியாகப் போட வேண்டாம். கேமராவைப் பூஞ்சை பிடிக்காமல் வைக்கும் உலர்பெட்டி யாரிடமாவது இருந்தால் ஒரு நாள் கடன் கேளுங்கள். அரிசியில் புதைப்பது மட்டும் வேண்டாம். ஈரமும் போகாது, அரிசி மாவுதான் உள்ளே போகும்.

சர்க்கரை இருந்த இடத்துக்கு எறும்பு வந்திருந்தால் பூச்சி மருந்து அடிக்காதீர்கள், அந்த எண்ணெய் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும். வெளியே கொண்டுபோய்த் தட்டிவிட்டு, சர்க்கரையைத் துடைத்து எடுத்தாலே அவை வேறு வீடு பார்த்துக்கொள்ளும். ஊரில் செய்வதுபோல் தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைக்கலாம், ஆனால் மறந்துபோய் இரண்டு நாள் விட்டுவிட்டால் கொசு ஆய்வுக்கு வருகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

இத்தனையும் செய்தும் உயிர் வரவில்லை என்றால் குப்பைச் சரிவில் போடாதீர்கள். 2021 ஜூலையிலிருந்து மின்கழிவைத் தனியாக வாங்கும் ஏற்பாடு இருக்கிறது. கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தொட்டியிலும் எதெல்லாம் போடலாம் என்று எழுதியிருக்கும், பார்த்துப் போடுங்கள். பேட்டரி வாங்கும் தொட்டியாக இருந்தால் பேட்டரியையும் அங்கேயே போடலாம். ஆனால் அதற்கு முன் மூடிகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அதே ரகக் கீபோர்டு வைத்திருக்கும் யாருக்கோ ஒரு ‘என்’ தேவைப்படும்.

உங்களுக்கு நான் சொல்லும் கணக்கு இது: வெள்ளி இரவு பூந்திக்கொட்டை ஊறட்டும். சனி காலை தட்டி, பிரஷ் போட்டு, மூடிகளைக் கழுவி, அந்த மூன்று குழலையும் பஞ்சுக் குச்சியால் துடைத்து விசிறியின் கீழே வைத்துவிடுங்கள். ஞாயிறு மாலை மாட்டுங்கள், அதற்கு முன் ஒயரைச் செருக வேண்டாம். நடுவில் அவசர வேலை வந்தால் மகனுடைய கீபோர்டை வாங்கிக்கொள்ளுங்கள். டின் காற்றுக்குக் கேட்ட காசைவிடக் குறைவாகத்தான் வாடகை கேட்பான்.